பேச்சுக்குரல்களுக்கு நடுவே ஜாஸ்: சிறிய இடங்களில் நேரில் கேட்பது பற்றி

மூன்றாம் மேசை

ஏறத்தாழ பத்து ஆண்டுகளாக ஜாஸ் இசையை நேரில் கேட்டு வருகிறேன். பெரிய அரங்குகளுக்குப் போனது மிகக் குறைவு. ஐம்பது அறுபது பேர் நெருக்கியடித்து உட்காரும் சிறிய இடங்கள்தான் எனக்குப் பிடித்தமானவை. அடுத்து வாசிக்கப்போவது எந்தச் சுருதியில் என்று பியானோ வாசிப்பவர் பாஸ் வாசிப்பவரிடம் முணுமுணுப்பது காதில் விழும் தொலைவில் உட்கார்ந்து கேட்கும் சுகத்தைப் பெரிய மேடை தருவதில்லை. அண்மைக்காலமாக அந்தச் சுகம் கைநழுவிப் போய்க்கொண்டிருப்பதால்தான் இந்த விவாத இழையைத் தொடங்குகிறேன்.

சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பியானோ, டபுள் பாஸ் (தாழ்ந்த ஒலி தரும் ஆளுயரத் தந்திக் கருவி), டிரம்ஸ் என மூவர் மட்டும் வாசித்தார்கள். இரண்டாவதாக எடுத்துக்கொண்டது மிக மெதுவான ஒரு காதல் பாட்டு. டிரம்ஸ் வாசித்தவர் குச்சிகளை வைத்துவிட்டுக் கம்பித் தூரிகைகளைக் கையில் எடுத்தார். இடக்கைத் தூரிகை ஸ்னேர் டிரம்மின் மீது ஓயாமல் வட்டமிட்டுக்கொண்டிருக்க, வலக்கைத் தூரிகை தாளத்தின் இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் மட்டும் தொட்டுத் தொட்டு விலகியது. இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேனே ஒழிய, ஒன்றுகூடக் காதில் விழவில்லை. பக்கத்து மேசையில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் தம் வீட்டைப் புதுப்பித்த கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பியானோ ஓய்ந்து, பாஸ் தனியாக வாசிக்கத் தொடங்கியபோது, அதற்காகவே காத்திருந்ததுபோல் அறை முழுவதும் ஒரே நேரத்தில் வாய் திறந்தது. அந்தப் பாஸ் வாசிப்பவர் கண்களை மூடிக்கொண்டு, தலையைத் தம் கருவியின் கழுத்தோடு சாய்த்துக்கொண்டு, தாம் வாசிப்பது தமக்காவது கேட்கிறதா என்று தேடுவதைப் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் அதே ஆறு பேரும் பலமாகக் கைதட்டினார்கள்.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டில் ஒலித்தட்டோடு இருந்துவிடலாமா, அல்லது இரைச்சலுக்கு நடுவே கேட்பதற்கென்று பழக்கிக்கொள்ளக்கூடிய வழி ஏதாவது உண்டா என்பதே என் கேள்வி. புலம்புவதற்காக எழுதவில்லை, இந்த இசையை விட மனமில்லாததால் எழுதுகிறேன்.

பழைய இசைத்தட்டு

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஜாஸ் இசைக்கும் இந்த இரைச்சலுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது, நெருக்கமானது.

1961ஆம் ஆண்டு ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு என்ற ஜாஸ் விடுதியில் பில் எவான்ஸ் தம் மூவர் குழுவோடு வாசித்ததன் பதிவைக் கேட்டிருப்பீர்கள். தரைக்குக் கீழே, ஒரு மூலையை நோக்கிக் குறுகிச் செல்லும் சிறிய அறை அது; 1935இல் தொடங்கப்பட்டது. பியானோவில் எவான்ஸ், பாஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷியன். பிற்பகலிலும் இரவிலுமாக அன்று ஐந்து முறை மேடையேறினார்கள். பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. ஜாஸ் உலகில் இதைவிட நுட்பமான மூவர் உரையாடல் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டால் பலரும் இல்லை என்பார்கள். அந்தப் பதிவில் கண்ணாடிக் குவளைகள் உரசுகின்றன, ஒரு பெண் சிரிக்கிறார், தாழ்ந்த குரலில் யாரோ எதையோ சொல்லி முடிக்கிறார், பாட்டு முடிந்ததும் நாலைந்து பேர் கைதட்டுவதுபோல் மெலிந்த கரவொலி எழுகிறது. இத்தனை ஆண்டுகள் கேட்டபின், அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் வரும் என்பதுகூட எனக்கு மனப்பாடம். அதை நீக்கிவிட்டுக் கேட்க நான் விரும்பமாட்டேன்.

இரைச்சலை வேண்டுமென்றே வரவழைத்தவர்களும் உண்டு. சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் அடர்லியின் 1966ஆம் ஆண்டு நேரடிப் பதிவு சிகாகோவில் உள்ள ஓர் இரவு விடுதியில் எடுக்கப்பட்டதாகத்தான் உறையில் அச்சாகியது. உண்மையில் அது ஹாலிவுட்டில் உள்ள கேபிடல் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஆட்களை அழைத்து உட்காரவைத்து, கையில் குவளையும் கொடுத்துப் பதிவு செய்யப்பட்டது. கூச்சலும் ஆரவாரமும் இல்லாமல் அந்த இசை நிற்காது என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே பேச்சுக்குரலை முற்றிலும் பகையாக எண்ணாமல், அறையின் இயல்பாக எடுத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள் என்பேன்.

மௌனம் வேண்டுபவர்

மேலே எழுதிய நண்பரின் கருத்தோடு நான் முற்றாக மாறுபடுகிறேன்.

அந்த வேன்கார்டு பதிவில் கருவிகளின் அருகே ஒலிவாங்கிகள் இருந்தன. பேசியவர்கள் தொலைவில் இருந்தார்கள். அதனால்தான் லஃபாரோவின் ஒவ்வொரு தந்தியும் முன்னால் நிற்க, சிரிப்பு பின்னணியில் மங்கலாக மிதக்கிறது. மூன்றாம் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நிலைமை நேர்மாறானது. அவருக்குப் பேசுபவர் ஒரு முழத்தில் இருக்கிறார். பாஸ் பதினைந்து அடி தள்ளி இருக்கிறது. பதிவைக் கேட்டு இரைச்சலை ரசிப்பதும் அறையில் உட்கார்ந்து இரைச்சலைப் பொறுப்பதும் ஒன்றல்ல.

சிறிய விடுதிகளில் மௌனம் வேண்டும் என்று யாரும் கோரியதே இல்லை என்று எண்ணுவதும் சரியல்ல. நியூயார்க்கின் கஃபே சொசைட்டியில் 1939இல் பாடகி பில்லி ஹாலிடே ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ என்ற பாட்டைப் பாடியபோது, பரிமாறுபவர்கள் எல்லா வேலையையும் நிறுத்திவிட வேண்டும், விளக்குகள் அணைந்து அவர் முகத்தின்மீது மட்டும் ஓர் ஒளி விழ வேண்டும், பாடி முடித்தபின் அவர் திரும்ப மேடைக்கு வரமாட்டார் என்பதெல்லாம் அந்த இடத்தின் முதலாளி வகுத்த ஏற்பாடு. அதுவும் மேசை நாற்காலி போட்ட சிறிய விடுதிதான். பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் 1960இல் கேண்டிட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் செய்த பதிவில் பார்வையாளர் ஒருவர்கூடக் கிடையாது. ஆனாலும் அவர் விடுதியில் இருப்பதாகவே பாவித்து, கைதட்டாதீர்கள், குவளையில் பனிக்கட்டியைக் குலுக்காதீர்கள், பணப்பெட்டியை ஒலிக்கவிடாதீர்கள் என்று இல்லாத கூட்டத்திடம் கேட்டுக்கொள்கிறார். காலியான கூடத்தில்கூட அவர் காதைவிட்டு அகலாத அளவுக்கு அந்த ஒலிகள் அவரை வதைத்திருக்கின்றன என்றுதான் எனக்குப் படுகிறது.

வாசிக்கும்போது பேச வேண்டாம் என்று தொடக்கத்தில் ஒரு வாக்கியம் அறிவிக்க, நடத்துபவர்கள் ஏன் தயங்க வேண்டும்? இன்றைய வேன்கார்டிலேயே வாசிக்கும்போது பேசக்கூடாது என்ற விதி இருக்கிறது.

நான்கு தந்தி

நான் டபுள் பாஸ் வாசிப்பவன். தொழில்முறையாகவே வாசிக்கிறேன், மாதத்தில் பாதி நாட்கள் நீங்கள் விவரித்தது போன்ற அறைகளில்தான் கழிகின்றன. மேடையிலிருந்து இது எப்படித் தெரிகிறது என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படலாம்.

பாஸ் தனியாக வாசிக்கும்போது பேச்சு ஏன் எழுகிறது என்பதற்கு அவமதிப்பு காரணம் என்று இளவயதில் நினைத்திருந்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. சாக்ஸஃபோன் வாசித்தவர் தம் முறை முடிந்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றுகொள்கிறார். பியானோ வாசிப்பவர் கைகளை எடுத்துவிடுகிறார், அல்லது இரண்டு பாருக்கு (பார் என்பது பெரும்பாலும் நான்கு தட்டு கொண்ட தாள அளவு) ஒருமுறை ஒரு ஸ்வரக்கூட்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை, மட்டும் மெல்ல வைக்கிறார். டிரம்ஸ், காலால் மிதித்து மூடும் ஜோடி உலோகத் தட்டான ஹை-ஹேட்டின் ஒலியளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஒலி இப்படிப் படாரென்று தாழும்போது, இந்த இசையோடு பழக்கமில்லாத ஒருவர் இடைவேளை வந்துவிட்டது என்று எண்ணுவது இயல்பு. அதுவரை ஒலியை மீறிப் பேச முடியாமல் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அப்போதுதான் பேசத் தொடங்குகிறார். அதற்குச் சற்று முன் முந்தைய தனிவாசிப்புக்காக எழும் கைதட்டல் என் முதல் நான்கு பாரையும் மூடிவிடும். ஆகவே நான் தொடங்கியதே பலருக்குத் தெரிவதில்லை. இதனால் முதல் நான்கு பாரில் முக்கியமான எதையும் நான் சொல்வதில்லை. கைதட்டல் அடங்கும்வரை ஓர் எளிய ஸ்வரத் தொடரைத் திரும்பத் திரும்ப வாசித்து இடம் பிடித்துக்கொள்வேன். நீங்கள் கூர்ந்து கேட்டால் பல பாஸ் வாசிப்பாளர்கள் இதைச் செய்வது தெரியும்.

அறை இரையும்போது எங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாங்களும் உரக்க வாசிப்பது. அப்படிச் செய்தால் பேசுபவர்கள் இன்னும் உரக்கப் பேசுவார்கள். கடைசியில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்போம். மற்றொன்று, நால்வரும் கண்ணால் பேசிக்கொண்டு ஒலியைக் குறைப்பது. இது எப்போதும் பலிப்பதில்லை என்றாலும் பலிக்கும்போது அதைப்போன்ற அனுபவம் வேறில்லை. பேசிக்கொண்டிருப்பவருக்குத் தம் குரலே திடீரென்று அம்மணமாகக் கேட்கும். வாக்கியத்தின் நடுவில் நிறுத்திக்கொள்வார். 1958 ஜனவரியில் சிகாகோவின் பெர்ஷிங் ஓட்டலில் பியானோவில் அஹ்மத் ஜமால், பாஸில் இஸ்ரேல் கிராஸ்பி, டிரம்ஸில் வெர்னெல் ஃபோர்னியே என மூவரும் வாசித்த பதிவைக் கேளுங்கள். அங்கும் பேச்சுக்குரல் கேட்கிறது. ஜமால் அதை மோதி வெல்லப் பார்க்கவில்லை. நாலு ஸ்வரம் வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். அந்த வெற்றிடத்தில் பாஸும் டிரம்ஸும் நடந்துகொண்டே இருக்கின்றன. அடுத்து என்ன வரும் என்று காது தானாகவே முன்னால் சாய்கிறது. அந்தத் தொகுப்பு விற்பனைப் பட்டியலில் நூறு வாரங்களுக்கும் மேலாக இருந்தது என்றால், விடுதியின் பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்களையும் அது எட்டியிருக்கிறது என்றுதான் பொருள்.

மௌனம் வேண்டும் என்று அறிவிப்பது பற்றிக் கேட்டிருந்தார்கள். அறிவிப்பு கனிவாக இருந்தால் எனக்குச் சம்மதம். ஒரு முறை ஓர் இடத்தில் நடத்துபவர் மேசை மேசையாகப் போய் அதட்டினார். அதன்பின் அறை அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று இரவு யாரும் ஒரு முறைகூட வாய்விட்டு ‘ஆகா’ என்று சொல்லவில்லை. நான் அன்று வாசித்தது எனக்கே உயிரற்றுப் பட்டது.

அலைநீளம்

ஒலியியல் சார்ந்த வேலையில் இருப்பதால் சில விவரங்களைச் சேர்க்கிறேன். மேலே நான்கு தந்தி சொன்ன ‘எல்லோரும் கத்திக்கொண்டிருப்போம்’ என்பதற்குப் பெயரே உண்டு. சுற்றுப்புற ஒலி கூடும்போது மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதை எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்னார். அது இன்றும் லொம்பார் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. பேசுபவர் வேண்டுமென்றே குரலை உயர்த்துவதில்லை. அவருடைய காது அவருடைய தொண்டையை உயர்த்திவிடுகிறது. ஒரு மேசை உயர்த்தினால் அடுத்த மேசையும் உயர்த்தும்.

பாஸ் மறைந்துபோவதற்கும் காரணம் உண்டு. டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த வெறுந்தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்தத் தாழ்ந்த பகுதியில் நம் காது மந்தமானது. எந்த ஸ்வரம் வாசிக்கப்படுகிறது என்பதை நாம் பெரும்பாலும் அதற்கு மேலுள்ள மேற்சுரங்களையும் (அடிப்படை ஒலியோடு கூடவே எழும் உயர்ந்த ஒலிகளையும்) விரல் தந்தியை விடும் அந்தத் தெறிப்பையும் கொண்டுதான் அறிகிறோம். மேற்சுரங்களும் தெறிப்பும் ஒலிக்கும் அந்தப் பகுதியைத்தான் மனிதப் பேச்சும் ஆக்கிரமிக்கிறது. ஆகவே பேச்சு எழுந்தால் பாஸின் முழக்கம் வயிற்றில் உணரப்படும். ஆனால் என்ன வாசிக்கிறார் என்பது கரைந்துவிடும். தூரிகைகளின் உரசலும் இப்படித்தான் காணாமற்போகிறது.

இதற்கு நம் கையில் இருக்கும் ஒரே மருந்து தொலைவு. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது என்றாலும், கருவிக்கு மிக அருகில் இருக்கும் வட்டத்துக்குள் அந்த விதி ஏறக்குறையப் பொருந்தும். நான்கு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் கிடைக்கும் தெளிவு, எட்டிலிருந்து ஏழுக்கு நகர்ந்தால் கிடைக்காது. ஆகவே ஒன்று மேடையை ஒட்டி உட்காருங்கள், இல்லையென்றால் எங்கே உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று விட்டுவிடுங்கள். ஒட்டி உட்காரும்போதும் டிரம்ஸின் உலோகத் தட்டுகளான சிம்பல்களின் நேர் எதிரே வேண்டாம். பாஸ் நிற்கும் பக்கம், பியானோவின் மூடி திறக்கும் திசை, இவற்றைப் பாருங்கள். பானம் கலக்கும் மேடைக்கு அருகே மட்டும் ஒருபோதும் வேண்டாம். பனிக்கட்டியை வாரும் ஒலியைப்போல் காதைக் கிழிப்பது அந்த அறைகளில் வேறில்லை.

இன்னொன்று. ஒரே கூட்டத்தில் பல குரல்கள் ஒலிக்கும்போது நாம் விரும்பும் ஒன்றை மட்டும் பின்தொடரும் ஆற்றல் நமக்கு உண்டு. 1953இல் காலின் செர்ரி என்பவர் இதை ஆராய்ந்தார். இரு காதுகளும் திசையைப் பிரித்தறிவது இதற்குப் பேருதவி செய்கிறது. ஆகவே இசை ஒரு புறமும் பேசும் மேசை வேறொரு புறமும் இருக்கும்படி உட்கார வேண்டும். இரண்டும் ஒரே திசையிலிருந்து வந்தால், அதாவது பேசுபவர் உங்களுக்கும் மேடைக்கும் நடுவில் இருந்தால், உங்கள் மூளைக்கு வேலை கடினம்.

புதிதாகக் கேட்பவள்

இந்த இழையைப் படித்ததும் முகம் சிவந்துவிட்டது. நான் அந்த ஆறு பேரில் ஒருத்தி அல்ல. ஆனால் அப்படி ஒரு மேசையில் பலமுறை இருந்திருக்கிறேன். பாஸ் வாசிப்பது தனிவாசிப்பு என்றே எனக்குத் தெரியாது. மற்றவர்கள் ஓய்வெடுக்கிறார்கள், அவர் நேரத்தை நிரப்புகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே எதைக் கேட்க வேண்டும் என்று யாராவது சொல்லித் தருவீர்களா?

நான்கு தந்தி

முகம் சிவக்க வேண்டிய அவசியமே இல்லை, தோழி. நீங்கள் கேட்டதற்கு மகிழ்கிறேன்.

தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து வாசித்த மெட்டு உங்கள் நினைவில் இருக்கிறது அல்லவா? அதன் ஸ்வரக்கூட்டுகள் வந்த வரிசை பாட்டு முடியும்வரை சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. பழைய பாட்டுகள் பலவற்றில் ஒரு சுற்று 32 பார்: எட்டு பார் மெட்டு, அதுவே மறுபடியும், பிறகு வேறு நிறத்தில் எட்டு பார், கடைசியில் முதல் மெட்டே திரும்பவும். மூன்றாவதாக வரும் அந்த எட்டு பாரைப் பாலம் என்போம். ப்ளூஸ் என்றால் பெரும்பாலும் 12 பாரிலேயே சுற்று முடிந்துவிடும். பாஸ் தனியாக வாசிக்கும்போதும் இந்தச் சுற்று நின்றுவிடவில்லை. யாரும் அதை உரக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நீங்கள் மனத்துக்குள் அந்த மெட்டை முனகிக்கொண்டே இருங்கள். பாலம் வரும் இடத்தில் நான் ஏதாவது செய்வேன்: மேலே ஏறுவேன், அல்லது நிறுத்துவேன். அதை நீங்கள் பிடித்துவிட்டால் பக்கத்து மேசையில் என்ன பேசினாலும் உங்களுக்குப் பாதைதவறாது.

மூன்றாம் மேசை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அதே இடத்துக்கு மறுபடியும் போனேன். குழு வேறு, டெனர் சாக்ஸஃபோனோடு நால்வர். நடந்ததை எழுதுகிறேன்.

சீக்கிரமே போய், மேடையின் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டருக்குள், பாஸ் நிற்கும் பக்கமாக ஒரு நாற்காலியைப் பிடித்தேன். அங்கே கண்ணுக்குத் தெரிவது குறைவு. டிரம்ஸ் வாசிப்பவரை ஒரு தூண் மறைத்தது. முதல் பகுதி முழுவதும் அறை இரைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இரைச்சல் எனக்குப் பின்னால் இருந்தது. அலைநீளம் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை அப்போது உணர்ந்தேன். விரல் தந்தியை விட்டு எழும்போது ஏற்படும் சிறு மரச்சத்தம், பாஸ் வாசித்தவர் மூச்சு விடும்போது கூடவே முனகியது, இவையெல்லாம் வந்து விழுந்தன.

மூன்றாவது பாட்டில் பாஸ் தனிவாசிப்பு வந்தது. முந்தையவருக்கான கைதட்டல் முதல் பார்களை விழுங்கியது. நான்கு தந்தி சொன்னதுபோலவே அவர் மூன்றே ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காத்திருந்தார். கைதட்டல் அடங்கியது, பேச்சு எழுந்தது. நான் தலையைக் குனிந்து மெட்டை முனகத் தொடங்கினேன். முதல் எட்டு. இரண்டாம் எட்டு. பாலத்தின் வாயிலில் அவர் சட்டென்று நிறுத்தினார். ஒரு முழு பார் அளவுக்கு ஒன்றுமே இல்லை. ஹை-ஹேட் மட்டும் இரண்டிலும் நான்கிலும் மூடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் ஒரு குரல் ‘அதற்கு அப்புறம் அவர் என்ன சொன்னார்’ என்று கேட்டது அறை முழுவதும் தெளிவாக விழுந்தது. பாஸ் வாசித்தவர் சிரித்துவிட்டார். கேட்ட அந்தப் பெண்ணும் சிரித்தார். அவர் கேள்விக்குப் பதில் சொல்வதுபோலவே, அதே ஏற்ற இறக்கத்தில், உயரத்திலிருந்து இறங்கும் ஒரு நீண்ட வரியைப் பாஸ் வாசித்தது. அதன்பின் அந்தச் சுற்று முடியும்வரை அந்த மேசை பேசவில்லை. எங்களுக்கெல்லாம் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிய வேண்டியிருந்தது.

மௌனம் வேண்டுபவருக்கு ஒன்று: நீங்கள் சொன்ன அறிவிப்பை நடத்துபவரிடம் நேரில் கேட்டுக்கொண்டேன். மெதுவான பாட்டுகளுக்கு முன் மட்டும் இசைக்குழுத் தலைவரே ஒரு வாக்கியம் சொல்லட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

மௌனம் வேண்டுபவர்

ஒரு வாக்கியமாவது கிடைத்ததே, மகிழ்ச்சி. நான் இன்னமும் முழு அமைதியையே விரும்புகிறேன். ஆனால் நீங்கள் சொன்ன அந்த வெற்றுப் பார் முழு அமைதியில் நடந்திருக்காது என்பதை மறுக்க என்னால் முடியவில்லை.

நான்கு தந்தி

மூன்றாம் மேசை அவர்களே, முடிந்தால் இரவின் கடைசிப் பகுதிவரை இருந்து பாருங்கள். பேச வந்தவர்கள் அதற்குள் கிளம்பியிருப்பார்கள். அறையில் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். நாங்களும் அன்றைக்கு வாசிக்க நினைத்த மெதுவான பாட்டை அதுவரை பத்திரமாக வைத்திருப்போம்.

மூன்றாம் மேசை

அடுத்த வாரம் இருக்கிறேன். தூணுக்கு இந்தப் பக்கம் உள்ள நாற்காலியைச் சொல்லி வைத்துவிட்டேன். புதிதாகக் கேட்பவள் வருவதாக இருந்தால் பக்கத்து நாற்காலியையும் சொல்லி வைக்கிறேன்.